வாக்கால் எழுந்த பள்ளிகள், தீர்ப்பால் எழுந்த பள்ளிகள்

அமெரிக்காவில் ஓர் அரசுப் பள்ளியின் கூரை ஒழுகினால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு முதலில் அந்தப் பள்ளி மாவட்டத்தின் தலையில்தான் விழும். பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றதன்று. பள்ளிகளை நடத்துவதற்கென்றே எல்லை வகுக்கப்பட்ட தனி உள்ளாட்சி அமைப்பு அது. பெரும்பாலான இடங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் அதை நிர்வகிக்கிறது. ஆசிரியர் சம்பளம் போன்ற செலவுகள் ஆண்டு வரவிலிருந்து போய்விடும். கட்டடத்துக்கோ ஒரே நேரத்தில் பெருந்தொகை வேண்டும். அதற்காக மாவட்டம் கடன் பத்திரம் வெளியிடுகிறது. சொத்து வரியோடு ஒரு கூடுதல் தொகையைப் பல ஆண்டுகள் வசூலித்து முதலையும் வட்டியையும் அடைக்கிறது. அந்தக் கூடுதல் வரிக்கு ஊர் மக்கள் வாக்குச்சீட்டில் சம்மதம் தர வேண்டும். இதுதான் பரவலான வழக்கம்.

இந்த வழக்கத்தை உறுதியாகப் பற்றிக்கொண்ட மாநிலம் கலிஃபோர்னியா. தன் ஏழை நகரங்களுக்கு மட்டும் இந்த வழக்கத்திலிருந்து விலக்குத் தந்து, நீதிமன்றத் தீர்ப்பின்படி மாநிலமே முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட மாநிலம் நியூ ஜெர்சி. இரண்டும் செல்வ வளம் மிக்கவை. இரண்டிலும் பாழடைந்த பள்ளிகள் இருந்தன. இரண்டும் கடந்த கால் நூற்றாண்டில் பல நூறு கோடி டாலர்களைக் கட்டடங்களில் இறக்கியிருக்கின்றன. இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், நாம் வழக்கமாக ஒன்றாகவே போட்டுக் குழப்பும் இரண்டு கேள்விகள் தனித்தனியாகத் தெரிகின்றன. பள்ளி கட்டலாம் என்று சம்மதிப்பது யார்? அதற்குப் பணம் தருவது யார்? கலிஃபோர்னியா இரண்டுக்கும் பெரும்பாலும் ‘ஊரார்’ என்றே விடை சொன்னது. நியூ ஜெர்சியின் ஏழை நகரங்களில் இரண்டுமே ஊராரின் கையைவிட்டுப் போயின. சம்மதமும் கண்காணிப்பும் ஊரிடமும், செலவின் சுமை மாநிலம் முழுவதிடமும் இருப்பதே நியாயம் என்பது என் முடிவு. இரண்டு மாநிலங்களின் அனுபவமும் அதைத்தான் காட்டுகிறது.

இரண்டு தொடக்கங்கள்

கலிஃபோர்னியாவின் கதை வரிக் கோபத்தில் தொடங்குகிறது. வீட்டு மதிப்பு ஏற ஏறச் சொத்து வரியும் ஏறியதால் கொதித்த மக்கள், 1978 ஜூனில் 13ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பீடும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. விற்றாலோ புதிதாகக் கட்டினாலோ மட்டுமே புது மதிப்பு. இதன் விளைவாகப் பள்ளி மாவட்டங்கள் புதிதாகக் கடன் பத்திரம் வெளியிடும் வழியே அடைபட்டுப்போனது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1986இல்தான் 46ஆவது முன்மொழிவு அந்த வழியைத் திறந்துவிட்டது. ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற பழைய நிபந்தனை நீடித்தது. நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் பள்ளி வேண்டும் என்றாலும் முப்பத்தைந்து பேரின் மறுப்பே வென்றது.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு அது நேராகவே நடந்தது. 1996 நவம்பரில் 240 கோடி டாலர் கேட்டு வைத்த ‘பிபி’ முன்மொழிவு மூன்றில் இரண்டை மிகச் சிறிய இடைவெளியில் தவறவிட்டது. அடுத்த ஏப்ரலில் மீண்டும் வைத்தபோதுதான் நிறைவேறியது. மாநிலம் முழுவதும் இந்தத் தடையைத் தளர்த்த 2000ஆம் ஆண்டில் இரண்டு முயற்சிகள் நடந்தன. மார்ச்சில், பாதிக்கு மேல் போதும் என்று கேட்ட முன்மொழிவு தோற்றது. நவம்பரில், 55 சதவீதம் போதும் என்று கேட்ட 39ஆவது முன்மொழிவு வென்றது. மக்கள் தளர்த்தினார்கள், ஆனால் நிபந்தனைகளைச் சேர்த்துத் தளர்த்தினார்கள்.

நியூ ஜெர்சியின் கதை அரசியலமைப்பின் ஒரு வரியில் தொடங்குகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் முழுமையான, செயல்திறன் மிக்க இலவசப் பள்ளி முறையை மாநிலம் நடத்த வேண்டும் என்று 1875இல் அங்கே எழுதிவைத்தார்கள். சொத்து வரியை நம்பிய பள்ளி நிதிமுறை இந்த உறுதிமொழியை மீறுகிறது என்று 1973இல் ராபின்சன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டமன்றம் பணத்துக்கு வழி செய்யாமல் இழுத்தடித்தபோது, 1976 ஜூலையில் பள்ளிகளுக்குச் செலவிடுவதையே நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அந்த நெருக்கடியில்தான் மாநிலத்தில் வருமான வரி வந்தது. 1981இல் கேம்டன், ஈஸ்ட் ஆரஞ்ச், இர்விங்டன், ஜெர்சி சிட்டி ஆகிய நகரங்களின் குழந்தைகள் சார்பில் ‘அபட் எதிர் பர்க்’ வழக்கு தொடரப்பட்டது. நியூவார்க்கின் கல்விச் சட்ட மையமும் அதன் வழக்கறிஞர் மரிலின் மோர்ஹூசரும் அதை ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள். 1998 மே மாதம் வந்த ஐந்தாம் அபட் தீர்ப்பு கட்டடங்களைத் தொட்டது. ஏழை நகர மாவட்டங்களின் பள்ளிக் கட்டடச் செலவை முழுக்க முழுக்க மாநிலமே ஏற்க வேண்டும் என்றது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கான முன்பள்ளியையும் அதே தீர்ப்பு கட்டாயமாக்கியதால் வகுப்பறைத் தேவை இன்னும் பெருகியது.

2000 ஜூலையில் சட்டமன்றம் 860 கோடி டாலருக்கு அனுமதி தந்தது. அதில் 600 கோடி, ‘அபட் மாவட்டங்கள்’ எனப்பட்ட அந்த ஏழை நகர மாவட்டங்களுக்கு. பின்னாளில் அவற்றின் எண்ணிக்கை 31 ஆனது. மற்ற மாவட்டங்களுக்கு 250 கோடி. தொழிற்கல்விப் பள்ளிகளுக்கு 10 கோடி. மாநிலக் கடனுக்கு மக்கள் வாக்கு வேண்டும் என்ற விதி நியூ ஜெர்சி அரசியலமைப்பிலும் உண்டு. ஆனால் இந்தப் பணத்தை ஒரு தனி ஆணையத்தின் பெயரில் பத்திரமாக வெளியிட்டதால் வாக்கெடுப்பு நடக்கவில்லை. அதை எதிர்த்த வழக்கும் தள்ளுபடியானது. இப்படியாக, கலிஃபோர்னியாவில் எல்லாம் வாக்குச்சீட்டின் வழியே நடந்த அதே ஆண்டில், நியூ ஜெர்சியில் இத்தனை பெரிய தொகை வாக்குச்சீட்டையே தொடாமல் வந்து சேர்ந்தது.

சம்மதம் வாங்கும் முறை

39ஆவது முன்மொழிவின் நிபந்தனைகளை ஊன்றிப் படித்தால், வாக்குக் கேட்பதே ஒரு வகைக் கட்டுப்பாடு என்பது விளங்கும். எந்தெந்தப் பள்ளியில் என்னென்ன வேலை என்ற பட்டியலை மாவட்டம் முன்னதாகவே வெளியிட வேண்டும். அந்தப் பணத்தில் ஆசிரியர், அதிகாரி சம்பளம் தரக் கூடாது. ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கையும் செயல்பாட்டுத் தணிக்கையும் நடக்க வேண்டும். வரி செலுத்துவோர், பெற்றோர், முதியோர் அமைப்பு, வணிகர் என்று பல தரப்பினர் அடங்கிய குடிமக்கள் மேற்பார்வைக் குழு அமைய வேண்டும். ஒரு முன்மொழிவால் ஏறும் வரிக்கும் உச்ச வரம்பு உண்டு. தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலை வரை ஒன்றாக நடத்தும் மாவட்டத்தில், ஒரு லட்சம் டாலர் மதிப்பீட்டுக்கு ஆண்டுக்கு 60 டாலருக்கு மேல் போகாது என்று கணித்துக் காட்ட வேண்டும். தொடக்க நிலை அல்லது உயர்நிலை மட்டும் நடத்தும் மாவட்டமானால் 30 டாலர்.

இதற்குப் பிறகு கலிஃபோர்னியாவில் வைக்கப்பட்ட பள்ளிக் கடன் முன்மொழிவுகளில் பெரும்பாலானவை வென்றன. வரியைக் கட்டிப்போட்ட அதே மாநில மக்கள், பட்டியலும் தணிக்கையும் கையில் கிடைத்தபோது மீண்டும் மீண்டும் வரிக்குச் சம்மதித்தார்கள். இது எளிதான செய்தியன்று. மக்கள் வெறுத்தது வரியை என்பதைவிட, கேட்காமலே ஏறும் வரியை என்று சொல்ல இது இடம் தருகிறது. வீட்டில் பள்ளி வயதுக் குழந்தை இல்லாதவர்களும் ‘ஆம்’ என்று வாக்களித்தார்கள்.

நியூ ஜெர்சியில் அபட் பட்டியலில் இல்லாத ஊர்கள் இன்றும் வாக்கெடுப்பு நடத்துகின்றன. அங்கே பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தாலே போதும். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதியான செலவில் குறைந்தது 40 சதவீதத்தை மாநிலம் ஏற்றது. மிச்சத்துக்கு ஊரார் சம்மதம் தந்தார்கள். அபட் நகரங்களிலோ வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. சொத்து மதிப்பு சரிந்து, மற்ற நகரச் செலவுகளின் சுமையில் ஏற்கெனவே மூச்சுத் திணறிய ஊர்களிடம் இன்னொரு வரிக்குச் சம்மதம் கேட்பதில் பொருளில்லை என்று நீதிமன்றம் கருதியது. அது சரியான பார்வை. ஆனால் அந்த வாக்கோடு சேர்ந்து வரும் பட்டியலும், ஊர்க்குழுவும், கேள்வி கேட்கும் உரிமையும் அந்த நகரங்களுக்குக் கிடைக்காமல் போயின. வரியிலிருந்து விலக்குத் தந்தபோது, கண்காணிப்பின் வாசலும் சேர்ந்தே சாத்தப்பட்டது.

வட்டத்தின் அளவு

இரண்டு மாநிலங்களும் ஏன் வெவ்வேறு வழியில் போயின என்பதற்கு நீதிபதிகளையும் அரசியல்வாதிகளையும் மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. வாக்கு எவ்வளவு பெரிய வட்டத்துக்குள் நடக்கிறது என்பது அதைவிட முக்கியம்.

லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் ஏறத்தாழ 1,800 சதுர கிலோமீட்டர் பரந்தது. கடலோரத்துச் செல்வர்களின் மாளிகைகளும், கிழக்கிலும் தெற்கிலும் நெருக்கியடித்து வாழும் தொழிலாளர் குடியிருப்புகளும் ஒரே வரி வட்டத்துக்குள் அடங்கியவை. எனவே மாவட்டம் முழுவதும் ஒரே விகிதத்தில் வரி ஏறும்போது பணக்காரப் பகுதியிலிருந்து திரளும் தொகை, நெரிசல் மிகுந்த ஏழைப் பகுதியில் பள்ளியாக எழ முடிகிறது. 1997 முதல் 2008 வரை ஐந்து முறை அந்த மாவட்ட மக்கள் ஒப்புதல் தந்தார்கள். மொத்தம் சுமார் 2,060 கோடி டாலர். பிறகு 2020இல் 700 கோடி, 2024இல் 900 கோடி.

அந்தப் பணம் என்ன செய்தது என்பது கண்கூடு. இடமில்லாததால் லாஸ் ஏஞ்சலிஸின் பல பள்ளிகள் மாணவர்களை மூன்று அணிகளாகப் பிரித்து ஆண்டு முழுவதும் மாற்றி மாற்றி நடத்தின. அவற்றில் ஒரு முறையின்கீழ் வழக்கமான 180 நாளுக்குப் பதில் 163 நாளே வகுப்பு. ஏழைக் குழந்தை ஆண்டுக்கு 17 பள்ளி நாட்களை இழந்துகொண்டிருந்தது. பலர் தம் பகுதியில் இடம் கிடைக்காமல் பேருந்தேறித் தொலைவுக்குப் போனார்கள். கடன் பத்திரப் பணத்தில் 131 புதிய பள்ளிகள் எழுந்தன. மாநில அரசுக்கு எதிரான வில்லியம்ஸ் வழக்கில் 2004இல் ஏற்பட்ட உடன்பாடு அந்த 163 நாள் முறையை 2012க்குள் ஒழிக்கச் சொன்னது. வகுப்பறை இருந்ததால்தான் அந்த உடன்பாட்டை நடைமுறைப்படுத்த முடிந்தது.

நியூ ஜெர்சி இதற்கு நேர்மாறு. கலிஃபோர்னியாவைவிடப் பல மடங்கு சிறிய அந்த மாநிலத்தில் ஏறத்தாழ 600 பள்ளி மாவட்டங்கள். பெரும்பாலும் ஊருக்கு ஒன்று. நியூவார்க்கிலிருந்து சில மைல் தள்ளியிருக்கும் வசதியான புறநகர் தனி மாவட்டம். அதன் சொத்து வரி அதன் பள்ளிக்கு மட்டும். இப்படிச் செல்வமும் வறுமையும் எல்லைக்கோட்டால் பிரிக்கப்பட்ட இடத்தில், வாக்கு எத்தனை நேர்மையாக நடந்தாலும் ஏழை ஊருக்குப் பணம் திரளாது. அந்தக் கோட்டைத் தாண்டிப் பணம் வர ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது.

கலிஃபோர்னியாவிலும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வெளியே சிறிய வட்டங்கள் உண்டு. அங்கே அதே நோய் உண்டு. ஒருங்கிணைந்த மாவட்டம் தன் மொத்தச் சொத்து மதிப்பீட்டில் 2.5 சதவீதம் வரை மட்டுமே கடன் வாங்கலாம். ஒரு கணக்குக்காக இரண்டு மாவட்டங்களை எண்ணிப் பார்ப்போம். ஒன்றில் மாணவர் ஒருவருக்கு 20 லட்சம் டாலர் சொத்து மதிப்பு. மற்றொன்றில் 2 லட்சம். முதலாவது மாணவர் ஒருவருக்கு 50,000 டாலர் வரை கடன் வாங்கலாம். இரண்டாவது 5,000 டாலருக்கு மேல் வாங்க முடியாது. இரண்டு ஊர் மக்களும் நூற்றுக்கு நூறு ‘ஆம்’ என்று வாக்களித்தாலும் இந்தப் பத்து மடங்கு வேறுபாடு மாறாது.

இதைச் சமன்செய்ய வேண்டிய மாநிலப் பங்கும் நெடுங்காலம் சமன்செய்யவில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி புதுக் கட்டடத்துக்குப் பாதியும், பழுதுநீக்கிப் புதுப்பிக்க, 2002க்குப் பிறகு, 60 சதவீதமும் மாநிலம் தந்தது. ஆனால் மாவட்டம் தன் பங்கை முதலில் திரட்ட வேண்டும். விண்ணப்பங்கள் வந்த வரிசையில் பரிசீலிக்கப்பட்டன. உள்ளூரில் அதிகம் திரட்ட முடிந்தவருக்கே மாநிலப் பணமும் அதிகம் போனது. மிகவும் நலிந்த மாவட்டங்களுக்கு முழுச் செலவையும் தரும் வழி சட்டத்தில் இருந்தாலும், திட்டம் தீட்டி விண்ணப்பிக்க ஆள்பலம் இல்லாத சிறிய மாவட்டங்கள் பின்தங்கின. 2024 நவம்பரில் நிறைவேறிய 1,000 கோடி டாலர் மாநிலக் கடன், ஏழை மாவட்டங்களுக்கு மாநிலப் பங்கை உயர்த்தியது. எவ்வளவு? புதுக் கட்டடத்துக்கு 55 சதவீதம் வரை, புதுப்பித்தலுக்கு 65 சதவீதம் வரை. பத்து மடங்கு இடைவெளிக்கு ஐந்து சதவீத மருந்து. திசை சரி, அளவு போதாது.

கண்காணிப்பும் கசிவும்

வாக்கெடுப்பு முறை தவறுகளே செய்யாது என்று சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சலிஸில் பெல்மான்ட் வளாகத்தைப் பழைய எண்ணெய் வயலின் மேல் கட்டத் தொடங்கி, மீத்தேன் வாயு கசிவதால் பாதியில் நிறுத்தினார்கள். அது 2008இல்தான் வேறு பெயரில் திறக்கப்பட்டது. மாணவர்களுக்கு ஐபேடு தர 2013இல் கடன் பத்திரப் பணத்தில் தொடங்கிய திட்டத்தை அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். சில ஆண்டுகளில் பழையதாகிவிடும் கருவிக்கு, பல ஆண்டுகள் வட்டி கட்டும் கடனைச் செலவிடுவது அடிப்படையிலேயே பிழை. சான் டியேகோ அருகே போவே மாவட்டம் 2011இல் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. முதல் இருபது ஆண்டுகள் எதுவும் கட்டத் தேவையில்லை. ஆனால் முடிவில் அடைக்க வேண்டியது ஏறத்தாழ 100 கோடி. இன்று வாக்களிப்பவருக்கு வரி ஏறாது என்று காட்டி, வாக்கே இல்லாத குழந்தைகளின் தலையில் சுமையை ஏற்றிய ஏற்பாடு அது.

ஆனால் இவை ஒவ்வொன்றும் வெளிச்சத்துக்கு வந்தன, சில திருத்தங்களும் பிறந்தன. போவே செய்தி பரவிய பிறகு 2013இல் மாநிலச் சட்டம் இத்தகைய கடனுக்கு 25 ஆண்டுக் காலவரம்பும், திருப்பிச் செலுத்தும் மொத்தத் தொகை அசலைப் போல நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் விதித்தது. மாவட்டம் மீண்டும் மக்களிடம் வாக்குக் கேட்டுப் போக வேண்டியிருக்கிறது. அந்த அச்சம் ஒரு நல்ல காவல்.

நியூ ஜெர்சியில் 2002இல் பள்ளிகளைக் கட்டவென்றே ஒரு மாநிலக் கழகம் அமைந்தது. 2005இல் பணம் தீர்ந்துவிட்டது. நிலம் வாங்கி, வீடுகளை அப்புறப்படுத்திய சில இடங்களில்கூடப் பள்ளி எழவில்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்ததை மாநிலத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை கடுமையாகச் சுட்டிக்காட்டியது. 2007இல் அந்தக் கழகத்தைக் கலைத்துப் புது ஆணையம் அமைத்தார்கள். 2008இல் மேலும் 390 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆளுநர் மாறினால் வேகம் மாறியது. 2010க்குப் பின் பல திட்டங்கள் மறு ஆய்வு என்ற பெயரில் நின்றன. மாநிலத்தின் தலைநகரிலேயே, 1932இல் கட்டிய டிரென்டன் மத்திய உயர்நிலைப் பள்ளி மேற்கூரை பெயர்ந்து நீர் ஒழுகும் நிலைக்குப் போனது. புதுக் கட்டடம் 2019இல்தான் திறந்தது. தீர்ப்பு வந்து இருபத்தொரு ஆண்டுகள். தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தை பள்ளியை முடித்தே போயிருக்கும்.

ஆயினும் நியூ ஜெர்சி சாதித்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தன் வரியை மட்டும் நம்பியிருந்தால் ஒருநாளும் கட்டியிருக்க முடியாத யூனியன் சிட்டியில், 2009இல் கூரை மேலேயே விளையாட்டுத் திடலுடன் ஓர் உயர்நிலைப் பள்ளி எழுந்தது. இடநெருக்கடி மிகுந்த, குடியேறிகள் நிறைந்த ஊர் அது. அங்கே வாக்கெடுப்புக்குக் காத்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குத் திடல் இருந்திருக்காது.

குழந்தைக்கு எது சேர்ந்தது

கட்டடம் புதிதானால் படிப்பு கூடுமா? லாஸ் ஏஞ்சலிஸின் புதுப் பள்ளிகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஜூலியன் லாஃபார்ச்சூனும் டேவிட் ஷோன்ஹோல்சரும், அங்கே சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண்ணும் வருகையும் உயர்ந்ததாகவும், சுற்றியுள்ள வீடுகளின் விலை ஏறியதாகவும் கண்டார்கள். பார்பரா பியாசியுடன் சேர்ந்து பல மாநிலங்களின் கடன் வாக்கெடுப்புகளை அவர்கள் ஒப்பிட்டபோது கிடைத்த விடை இன்னும் கூர்மையானது. காற்றோட்டம், குளிரூட்டல், நச்சுப் பொருள் அகற்றல் போன்ற அடிப்படை வேலைகள் மாணவர் மதிப்பெண்ணை உயர்த்தின. விளையாட்டு அரங்குகள் வீட்டு விலையை உயர்த்தின, மதிப்பெண்ணைத் தொடவில்லை.

வாக்கெடுப்பு முறையின் மெல்லிய பலவீனம் இங்கே இருக்கிறது. வாக்காளர் கண்ணுக்கு அரங்கம் தெரியும்; சுவருக்குள் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தெரியாது. அதனால் பட்டியலில் கவர்ச்சியான வேலை முன்னுக்கு வர வாய்ப்பு உண்டு. மேற்பார்வைக் குழு, பணம் சொன்னபடி செலவானதா என்று பார்க்கிறது. சொன்னதே சரிதானா என்று பார்க்கும் வேலை அதற்கு இல்லை. எந்தப் பள்ளியில் குழந்தையின் உடலுக்கும் படிப்புக்கும் எது அவசரம் என்று மாநில அளவில் அளந்து வரிசைப்படுத்தினால், ஊரார் வாக்களிக்கும் பட்டியலே தரமாகும்.

என் முடிவு

இரண்டையும் எடைபோட்டால், ஒன்றின் பலம் மற்றதன் குறையாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பணம் நிற்காமல் வருகிறது, ஊர்க்கண் அதன் மேல் இருக்கிறது. ஆனால் எந்த ஊர் என்பதே எவ்வளவு என்பதை முடிவு செய்கிறது. நியூ ஜெர்சியில் ஊரின் வறுமை தடையாக இல்லை. ஆனால் பணம் வந்து வந்து நின்றது, அதைக் கேட்கும் உரிமை ஊரிடம் இல்லை.

ஆகவே வாக்கையும் பணத்தையும் பிரித்துவைக்க வேண்டும். கலிஃபோர்னியா செய்ய வேண்டியது, மாநிலப் பங்கை ஐந்து சதவீத அளவில் நகர்த்துவதோடு நில்லாமல், சொத்து வளம் குறைந்த மாவட்டத்துக்கு மிகப் பெரும் பங்கையும் செல்வ மாவட்டத்துக்குச் சிறு பங்கையும் தருவது. வரிசையில் முந்தியவருக்கு என்ற வழக்கத்தைக் கைவிட்டுத் தேவை மிக்கவருக்கு முன்னுரிமை தருவது. நியூ ஜெர்சி செய்ய வேண்டியது, மாநிலம் முழுச் செலவை ஏற்கும் நகரங்களிலும் வேலைப் பட்டியலை ஊரார் முன் வைத்து ஒப்புதல் வாங்குவது. தணிக்கை அதிகாரம் உள்ள குடிமக்கள் குழுவை அங்கேயும் அமைப்பது. பணத்தை ஆளுநரின் விருப்பத்துக்கு விடாமல் ஆண்டுதோறும் உறுதிசெய்வது. தன் பையிலிருந்து வரி கட்ட முடியாதவருக்கும் தன் பிள்ளையின் பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல உரிமை உண்டு. பணக்கார ஊருக்குக் கிடைக்கும் அந்த உரிமையை ஏழை ஊருக்கு மறுப்பதற்கு, மாநிலம் பணம் தருகிறது என்பது ஒரு காரணமாகாது.

லாஸ் ஏஞ்சலிஸில் செல்வரும் ஏழையும் ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள். அங்கே வாக்கே சமத்துவத்தின் கருவியானது. மாநிலம் என்பதும் அப்படியொரு பெரிய வட்டம்தான். பள்ளிக் கட்டடத்தின் சுமையை அந்த வட்டம் முழுவதும் பகிர்ந்துகொண்டால், ஊர் வாக்கெடுப்பில் மக்கள் எடுக்கும் முடிவு பணம் இருக்கிறதா என்பதைப் பற்றியதாக இராது. தங்கள் குழந்தைகளுக்கு எது முதலில் வேண்டும் என்பதைப் பற்றியதாக இருக்கும்.